கமர்கட் வாயோடு எழுதிய முதல் பக்கம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். சின்ன ர, பெரிய ற இரண்டும் என்னிடம் நினைத்தபடி இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். இதை டைப் அடிக்கப்போகும் தங்கச்சி எல்லாவற்றையும் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இப்போதே நன்றி.

நான் வேலையை விட்டுவிட்டேன் என்றாலும், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் ஒருநாள் வந்து நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வேர்த்துவிடும். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுகூடத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் மாற்றினேன், மாலை மாமனார் தோளில் விழப் பார்த்தது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளட்டும் என்று தப்பித்துக்கொண்டேன்.

சர்வீஸுக்குப் போகும் எல்லோர் கையிலும் நம் கம்பெனி ஒரு தாள் கொடுக்கிறது. "மெமரியைப் பார்ப்பது எப்படி: முதல் பக்கம்" என்று மேலே போட்டிருக்கும். அந்த ஒரு பக்கம் எப்படி உண்டானது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரிப்பேன். என் மனைவி மாவு அரைப்பதை நிறுத்திவிட்டு ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

நாம் செய்வது எடை மேடைப் பெட்டி. லாரி மேடையில் ஏறி நின்றால் எடையைக் காட்டி, சீட்டு அடித்துத் தரும் பெட்டி. அந்தச் சமயம் அதற்கு ஒரு வியாதி வந்திருந்தது. காலையில் குதிரையாக ஓடும். வெயில் ஏற ஏற மந்தமாகும். பிறகு அப்படியே நின்றுவிடும். பெட்டிக்குள் இருக்கும் மெமரி நிரம்பிப்போவதுதான் காரணம் என்று நம் ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதுவரை எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: சுவிட்சை அணைத்துப் போடுவது. ஆனால் அணைத்தால், வெறும் வண்டியாக எடை போட்டுவிட்டு மணல் ஏற்ற உள்ளே போன லாரிகளின் கணக்கு அழிந்துபோகும். வெளியே வரும்போது டிரைவர் ஒன்று சொல்வார், மேடைக்காரர் ஒன்று சொல்வார். பேச்சு முற்றிக் கைகலப்புவரை போகும். நான் நடுவில் ஸ்குரூ டிரைவரோடு நிற்பேன்.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, இனிமே பெட்டியைக் கழட்டி மாட்டினா மட்டும் பத்தாது. போற எடத்துலயே மெமரியப் பாத்து சரி பண்ணணும். பாரிவாக்கம் மேடை மேனேஜர் இன்னொரு வாட்டி பெட்டி நின்னுச்சின்னா எல்லாத்தையும் கழட்டி அனுப்பிடுவேன்றார். உன்னால முடிஞ்சா நீ போ. முடியலைன்னா டிப்ளமோ ஆளுங்களத்தான் எடுக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, வருத்தமாகச் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த வேலை போனால் இன்னொரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்கே எட்டாவது பாஸ் கேட்பார்கள்.

இந்தப் பெட்டிகளுக்குள் கர்னல் என்று ஒன்று ஓடுகிறது. எல்லா வேலைக்கும் இடம் பிரித்துக் கொடுக்கும் அடித்தள மென்பொருள் அது. மெமரியில் எந்த இடத்தை யார் தொடுகிறார்கள், எந்த இடம் சும்மா கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வசதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றிய விளக்கம் எல்லாம் இங்கிலீஷில், பெரிய பெரிய ஆட்களுக்காக எழுதியது. அதைச் சுருக்கி, எங்களைப் போன்ற சர்வீஸ் ஆட்களுக்குத் தமிழில் ஒரே ஒரு பக்கமாக எழுதும் வேலையை மேடத்திடம் கொடுத்தார்கள். மேடம் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவர். நல்ல படிப்பாளி, வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகச் சிரிப்பார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் எழுதிக் கொண்டுவந்ததை என்னிடம் நீட்டி, "படிங்க அண்ணா, சத்தமா" என்றார். முதல் வரி இப்படி இருந்தது:

"நினைவக அணுகல் கண்காணிப்புத் துணை அமைப்பானது தகவமைவுப் பகுதிகளின் அடிப்படையிலான மாதிரியெடுப்பின் வாயிலாக மேற்செலவினத்தை வரம்புக்குட்படுத்தியவாறு..."

மேற்செலவினத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். வரி அப்போதும் முடியவில்லை.

"புரிஞ்சுதா அண்ணா?"

"புரிஞ்சுது மேடம்" என்றேன். எனக்கு அதுதான் வாயில் வரும். பஸ்ஸில் ஒருவர் வழி கேட்டு நான் தெரியாது என்று சொன்னால், அவர் மனசு நோகுமே என்று நானும் கூடவே இறங்கிப்போய் விசாரித்துக் கொடுத்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்தே மேடம் கண்டுபிடித்துவிட்டார். உடனே விளக்க ஆரம்பித்தார். "அதாவது அண்ணா..." என்று அவர் தொடங்கினால் எனக்கு எல்லாம் விளங்கிவிடும். அடுத்த வரியிலும் நான் திணறுவேன், அவர் "அதாவது" என்பார், விளங்கிவிடும். இப்படியே பக்கம் முழுக்கப் படித்து முடித்தோம். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி கேட்டார். "பாரிவாக்கத்துக்கு பேப்பர் போவும். கூடவே 'அதாவது'வும் போவுமா?"

எங்களுக்குச் சுருக்கென்றது. மேடம் பக்கத்தில் இருப்பதால்தான் பக்கம் விளங்குகிறது. மேடையில் மேடம் இருக்கமாட்டார். எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது என்று அன்றைக்கே விதி வைத்தார்கள். ஆனால் மேடத்தால் அது முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டால் விரலிடுக்கில் "அதாவது" வந்தது. திரும்பி உட்கார்ந்தால் முதுகே விளக்கம் சொன்னது. கடைசியில் முதலாளி எங்கள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் இருக்கும் பெட்டிக்கடைக்குப் போய்க் கமர்கட் வாங்கி வந்தார். வெல்லப்பாகில் தேங்காய் போட்டு உருட்டிய, பல்லோடு பல்லாக ஒட்டிக்கொள்ளும் அந்தக் கமர்கட்தான். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தால் கரையும்வரை பேச்சு வராது.

இப்படித்தான் நம் கம்பெனியில் அந்தப் பழக்கம் வந்தது. எழுதியவர் கமர்கட்டோடு உட்கார வேண்டும். விஷயம் தெரியாதவர் சத்தமாகப் படிக்க வேண்டும். எங்கே நாக்கு நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. நீங்கள் வேறு எங்கும் இதைப் பார்க்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பல் டாக்டர்கள் சம்மதிக்கமாட்டார்கள்.

எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. மேடத்தின் வாய் பூட்டியிருப்பதால் யாரும் என்னைக் காப்பாற்ற வரமாட்டார்கள். "இங்க நின்னுட்டேன் மேடம்" என்று நானே சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் நாள் அதை முணுமுணுத்தேன். சில நாளில் ஆபீஸுக்கே கேட்கும்படி சொன்னேன். மேடம் கண்ணை உருட்டுவார், கையை ஆட்டுவார், கன்னம் இட்லி மாதிரி உப்பியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்து படிக்க முடியாது. அவருக்கும் சிரிப்பு வந்து புரையேறும்.

பக்கம் நாளுக்கு நாள் இளைத்தது. மூச்சு வாங்கிய முதல் வரி, "மெமரியில் எந்த இடம் வேலை செய்கிறது, எந்த இடம் சும்மா இருக்கிறது என்று இதில் பார்க்கலாம்" என்று ஆனது. தொடங்கும் முன் கர்னலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல் இருந்தது. "இதெல்லாம் கம்பெனியிலேயே போட்டுத்தானே மேடம் அனுப்பறோம்?" என்றேன். போயிற்று. நான் என்ன தட்ட வேண்டும் என்பது பக்கத்தின் அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. அது மேலே ஏறி வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் மாட்டிக்கொண்டது. மேடம் முதலில் லைப்ரரியை உதாரணம் சொல்லி எழுதினார். நான் லைப்ரரிக்குள் போனதே இல்லை என்பதால் அங்கே அரைநாள் நின்றோம். ஒரு திங்கள்கிழமை மேடம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"அண்ணா! கெடைச்சிடுச்சு! பந்தி!"

முந்தின நாள் ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது பந்தி விசாரிப்பவரைப் பார்த்தாராம். அவர் எல்லா இலையையும் பார்க்கவில்லை. ஒரு வரிசைக்கு ஏதோ ஓர் இலையை மட்டும் எட்டிப் பார்க்கிறார். அங்கே கை நடந்தால் அந்த வரிசை சாப்பிடுகிறது. நடக்காவிட்டால் முடிந்தது, இலையை எடு, அடுத்த ஆளை உட்கார வை. ஒரே மாதிரி இருக்கும் பக்கத்து வரிசைகளைச் சேர்த்து ஒன்றாகப் பார்க்கிறார். ஒரே வரிசையில் பாதி சாப்பிட்டு, பாதி எழுந்திருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். அவர் ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பரிமாற நேரம் ஏது?

கர்னலும் அதையேதான் செய்கிறதாம். மெமரியை வரிசை வரிசையாகப் பிரித்து, வரிசைக்கு ஓர் இடத்தை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. தொடாமல் கிடப்பதைத் தூக்கி, பெட்டிக்குள் செருகியிருக்கும் சின்ன கார்டில் வைத்துவிடச் சொல்லலாம். மறுபடி வேண்டுமென்றால் கார்டிலிருந்து வரும், ஆனால் ஆடி அசைந்து வரும்.

எனக்கு அப்படியே கண்ணெதிரில் தெரிந்தது. சாம்பார் வாளிகூடத் தெரிந்தது. பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வழுக்கிக்கொண்டு படித்தேன். ஒரே ஒரு வரியைத் தவிர. அது கடைசிக்கு முன்னால் இருந்தது:

"பார்க்கும் கால அளவானது ஒரு பகுதி பயன்படும் இடைவெளியைக் காட்டிலும் குறைவாக இருப்பின், பயனில் உள்ள பகுதியும் பயனற்றதாகத் தோன்றும்."

அங்கே மட்டும் ஒவ்வொரு முறையும் நாக்கு நின்றது. மேடம் மாற்றி எழுதினார், நின்றேன். இன்னும் மாற்றினார், அப்போதும் நின்றேன். ஒரு சாயங்காலம், நல்ல மழை, வாசலில் பஜ்ஜி போடும் வாசனை உள்ளே வருகிறது. மற்ற எல்லா வரியும் பாட்டு மாதிரி ஓடுகிறது. மேடம் கமர்கட்டை ஒருவழியாக விழுங்கிவிட்டு அந்த வரியின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"போகட்டும் அண்ணா. முதல் பக்கம்தானே? இதை ரெண்டாம் பக்கத்துல வச்சிக்கலாம்."

இன்னொரு தரம் படித்தேன். எங்கேயும் நிற்கவில்லை! மேடம் எழுந்து கைதட்டினார். நான் வெட்கப்பட்டுக்கொண்டே நானும் தட்டினேன். சட்டை நனைய ஓடிப்போய் பஜ்ஜி சாப்பிட்டோம். ரெண்டாம் பக்கம் எழுதவே இல்லை.

அந்த வாரமே பாரிவாக்கம் போகச் சொன்னார்கள். தனியாக. கையில் தாள் மட்டும்.

மேடையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வணக்கத்துக்குப் பதில் வணக்கம்கூட வைக்கவில்லை. கவுண்டரில் சாந்தி அக்கா இருந்தார், எடை போட்டுச் சீட்டு கொடுப்பவர். ஒரு டிரைவர் வண்டியிலிருந்தே தலையை நீட்டினார்.

"இன்னா அண்ணாத்தே, பொட்டிய தூக்கினு போவ வந்தியா, இல்ல பொட்டி உன்ன தூக்கினு போவுமா?"

நான் தாளை விரித்து வைத்துக்கொண்டேன். அதில் தட்டச் சொல்லியிருந்த முதல் வரியைத் தட்டினேன். திரையில் வரிசைகள் வந்தன, எங்கே கை நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்று. பக்கத்தில் போட்டிருந்தபடியே இருந்தது. ஒரு நிமிடம் பார், தொடாததை எடுத்து வை என்பது இரண்டாவது வரி. அதையும் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் எடை எண்கள் சடசடவென்று மாறின.

"தோ பார்றா! பொட்டிக்கு உசுரு வந்துட்ச்சி மாமே!" என்று அதே டிரைவர் கத்தினார். ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். சாந்தி அக்கா டீ சொன்னார். மேனேஜர் கையை முன்னால் கொண்டுவந்தார். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. அதுவரை வந்ததெல்லாம் வெறும் வண்டிகள் என்பதை நான் கவனிக்கவில்லை. வெறும் வண்டிக்குச் சீட்டு கிடையாது.

டீ வந்தது. மணல் ஏற்றிய முதல் லாரியும் வந்தது. சாந்தி அக்கா சீட்டுக்கு அழுத்தினார். பெட்டி உறைந்துவிட்டது. திரையில் எண் அசையவில்லை. பிறகு நிதானமாக ஒரு சீட்டு வந்தது. அடுத்த லாரிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். பின்னால் வரிசை ரோடுவரை நீண்டது. முன்பு வாழ்த்திய ஹாரன்கள் இப்போது வைதன.

"யோவ், சோக்கா ரிப்பேர் பண்ணே! முன்னாடி படுத்துகினாச்சும் இருந்துச்சி, இப்ப சாவடிக்குது!"

"அணைச்சிப் போடுப்பா" என்றார் மேனேஜர்.

உள்ளே பதினைந்து இருபது லாரி இருந்தது. அணைத்தால் அத்தனை கணக்கும் போகும். அணைக்காவிட்டால் மேனேஜர் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிடுவார். என் வாய் வழக்கமாகச் சொல்லும் "சரி சார்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை, வேறு வார்த்தை வெளியே விழுந்தது.

"வேணாம் சார். கொஞ்சம் இருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே மேடத்துக்குப் போன் போட்டேன்.

எடுத்தார்கள். "ம்ம்ம்" என்று சத்தம் வந்தது.

"மேடம்! மேடம்! சீட்டு கேட்டா பெட்டி நிக்குது மேடம்!"

"ம்ம்ம்! ம்ம்!"

பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். எங்கள் சர்வீஸ் ஆள் டில்லி. போனை அவன் வாங்கினான்.

"நைனா, மேடம் வாய்ல கமர்கட் கீது! நான் வேற பேப்பர் படிச்சிகினு இருந்தேன். இப்பதான் போட்டாங்க, புத்தம் புதுசு!"

"துப்பச் சொல்லுடா!"

"ஒட்டிகிச்சி நைனா! கைய வுட்டு இழுக்கறாங்க, பல்லுதான் வரும் போல கீது! நீ கேளு, அவங்க தலைய ஆட்டட்டும், நான் சொல்றேன்!"

வேறு வழியில்லை. விஷயம் முழுவதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. அத்தனை டிரைவர்கள் கேட்க, அத்தனை ஹாரனுக்கு மேல், வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. எடை வேகமாக வருகிறது. சீட்டு அடிக்கும்போது மட்டும் நிற்கிறது. ஒரு சீட்டு வந்தபின் கொஞ்ச நேரம் கழித்து அடுத்த சீட்டு கேட்டால் மறுபடி நிற்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே ஏதோ தட்டுப்பட்டது.

"மேடம், அப்ப நான் எடுத்த எலை... அவங்க சாப்ட்டு முடிச்சவங்க இல்லையா? மோருக்காகக் கைய வச்சிகினு சும்மா உக்காந்து இருந்தவங்களா?"

"ஐயய்யோ நைனா, தலைய ஆட்றாங்க! கழுத்தே கழண்டுடும் போல கீது!"

சீட்டு அடிக்கும் பகுதி சும்மா கிடக்கவில்லை. அடுத்த சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரே ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, கை நடக்கவில்லை, இலையை எடு என்று அதைத் தூக்கிக் கார்டில் வைத்துவிட்டோம். ஒவ்வொரு சீட்டுக்கும் அது கார்டிலிருந்து ஆடி அசைந்து வருகிறது. கோடு இழுத்துத் தள்ளிய வரி சொன்னது இதைத்தான்.

"அப்ப எவ்ளோ நேரம் பாக்கணும் மேடம்?"

"கைய விரிக்கிறாங்க நைனா. அவங்களுக்குத் தெரியாதாம். உன் பக்கம் கைய காட்றாங்க."

அப்போது எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவர் கையை விரித்தது சரி. அம்பத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாரிவாக்கத்தில் எந்த நேரம் லாரி வராது என்று எப்படித் தெரியும்? குறைவாகப் பார்த்தால் காத்திருப்பவரின் இலை போகும். ரொம்ப அதிகமாகப் பார்த்தால் எழுந்து போனவரின் இலையும் கிடக்கும், இடம் இல்லாமல் பெட்டி பழையபடி மூச்சு முட்டும்.

சாந்தி அக்காவிடம் கேட்டேன். "அக்கா, ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவுல இங்க ரொம்ப நேரம் சும்மா இருக்கறது எப்போ?"

"சாப்பாட்டு நேரம்தான் நைனா. லோடு ஏத்தறவங்க சாப்ட போயிடுவாங்க. ஒரு மணி நேரம், சில நாள் அதுக்கு மேலயும் ஈ ஓட்டினு இருப்பேன்."

அதைவிடக் கொஞ்சம் அதிகமாக நேரத்தை மாற்றித் தட்டினேன். அடுத்த லோடு வண்டிக்கு மட்டும் ஒரு முறை பெட்டி நின்றது, கார்டிலிருந்து வருவதற்கு. பிறகு சீட்டு ஒழுங்காக வந்தது. வரிசை குறைந்தது. ஆனால் மேனேஜர் அசையவில்லை.

"சாப்பாட்டு நேரம் முடியட்டும்" என்றார். "அப்புறம் மொத வண்டிக்கு சீட்டு வருதா பாக்கலாம். அதுக்குள்ள பெட்டி படுத்துட்டாலும் சரி, சீட்டுக்கு நின்னாலும் சரி, நான் உங்க மொதலாளிக்குப் போன் போட்றேன்."

சாந்தி அக்காவையும் என்னையும் தவிர எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பெட்டிக்கு முன்னால் நின்று, அவ்வப்போது வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு அடிக்கும் வரிசையில் கை நடக்கவே இல்லை. உட்கார்ந்திரு, உட்கார்ந்திரு, மோர் வரும் என்று அதனிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சாந்தி அக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பொட்டிகூட இன்னா பேச்சு ஓடுது?"

ஒரு லோடு லாரி ஏறியது. மேனேஜர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து நின்றார். சாந்தி அக்கா அழுத்தினார்.

டர்ரென்று சீட்டு வந்தது. அவ்வளவுதான். டிரைவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இன்னாக்கா இது, எடை ஜாஸ்தியா காட்டுது! பொட்டி ராங்கு!" ஒழுங்காக ஓடும் மேடையில் எந்த டிரைவரும் சொல்வது இதைத்தான். அன்றைக்கு எனக்கு அது நாதஸ்வரம் மாதிரி கேட்டது. மேனேஜர் அந்த டிரைவரோடு சண்டை போடப் போய்விட்டார். என்னை மறந்தே போனார்.

அடுத்த நாள் மேடமும் நானும் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தார், நான் அவரிடம் கேட்க வந்தேன், யார் முதலில் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நாக்கு நிற்கும் இடத்தையெல்லாம் பிழை என்று நினைத்துவிட்டோம். பல இடங்களில் அது எழுத்தின் பிழைதான். அந்த ஓர் இடத்தில் மட்டும் விஷயமே கடினம். அங்கே யார் படித்தாலும் நின்றுதான் ஆக வேண்டும். தம்பி தங்கைகளே, நீங்கள் நாளைக்கு யாருக்காவது எளிமையாக எழுதிக் கொடுக்கும்போது, படிப்பவர் வழுக்கிக்கொண்டு போகிறாரே என்று குஷியில் பஜ்ஜி சாப்பிடப் போய்விடாதீர்கள். எதைத் தூக்கிப் போட்டதால் வழுக்குகிறது என்று ஒரு தரம் பாருங்கள்.

மேடம் அந்த வரியைத் திரும்ப எழுதினார். இப்போது உங்கள் தாளில் இருப்பது அதுதான்: "எடுத்து வைக்கும் முன் நில். இங்கே ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் அதிக நேரம் சும்மா இருப்பது எப்போது என்று அங்கே இருப்பவரைக் கேள். அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்."

படித்தேன். நின்றேன். மேடத்தின் கை பழக்கத்தில் பென்சிலுக்குப் போனது.

முதலாளி வந்து தாளை எடுத்து அவரும் சத்தமாகப் படித்தார். அதே இடத்தில் நின்றார். "இந்த எடம் மட்டும் தடுக்குதே, மொதப் பக்கத்துல இது வேணுமா?"

"இருக்கட்டும் சார்!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். நான்தான் அதிகமாகக் கத்தினேன் என்று மேடம் இன்றைக்கும் சொல்வார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தி அவர் கேட்டதில்லை.

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "பாரிவாக்கம் மேனேஜர் காலையில போன் பண்ணாரு. பெட்டியக் கழட்டறேன்னு இல்ல. வெள்ளானூர்ல அவருக்கு இன்னொரு மேடை இருக்காம், அங்கயும் நம்ம பெட்டிதான், இதே தொல்லையாம். அந்தத் தரையப் பாக்கற ஆள அனுப்புன்னாரு. திங்கக்கெழமை நீ போ. அதுக்கப்புறம் பூந்தமல்லி பக்கம் எல்லாம் நீதான்."

எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், பையைத் தோளில் மாட்டினேன், வண்டியைக் கிளப்பினேன். எஸ்டேட் ரோட்டில் எதிரே வந்த ஆட்டோக்காரருக்கெல்லாம் காரணமே இல்லாமல் கை காட்டிக்கொண்டு போனேன். வெள்ளானூர் வளைவு வந்தபிறகுதான் அன்றைக்கு வியாழக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது.

ஏழுமலை
கோவில்பதாகை, ஆவடி
ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை